நான்கு புள்ளிக் கேள்வி

எண்ணெய் காய்வதற்குள் யஷ்வினி கேட்கிறாள்:
"ம்மா, கெடா எதுக்கு சியாமுக்குப்
பொன்னால மரம் செஞ்சு அனுப்புச்சு?
நாலு புள்ளி."

தெரியாது என்கிறேன்,
வாழைப்பழத்தை மாவில் முக்கியபடி.
பாடநூலில் இருக்கிறதாம்:
சியாமும் பர்மாவும்
ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்த காலம்.
இரண்டுக்கும் கை எட்டும் தூரத்தில்
நெல்லும் ஒரு துறைமுகமும் வைத்திருந்த நம் கெடா.
மூன்று வருஷத்துக்கு ஒருமுறை
தங்க இலை, தங்கப் பூ, தங்கக் கிளை.
வாங்கியவன் கப்பம் என்றான்.
கொடுத்தவன் நட்பு என்றான்.
"எதும்மா சரி?"

மோட்டார் சத்தம்.
லோரி நாகப்பனின் பையன்கள்.
ஹெல்மெட்டில் புலிக்கொடி ஸ்டிக்கர்,
கடாரம் கொண்டவன் வம்சமாம்.
தாங்கள் நிற்கிற மண்தான் கடாரம் என்று
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.
இன்று நூறு வெள்ளி கொண்டார்கள்,
ஆறு பீசாங் கோரெங்கும்.

என் கடை இருக்கும் இடம் அப்படி.
சுங்கை கெலாடி முச்சந்தி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளெல்லாம்
தராசுக்கு வரிசை நிற்கும் இடம்.
அடுப்பு இருக்கும் பக்கம் நாகப்பனுடையது.
சாக்கடைக்கு அந்தப் பக்கம், நான் வாளி கழுவும் கல்,
போத்தாக் ஜெகனுடையது.
கோடு நான் கிழித்ததில்லை.
ஜெராய் மலையில் மழை பிடித்தால்
சாக்கடை பொங்கி என் அடுப்புவரை வரும்.
அந்த மாதம் இருவருக்கும் கொடுப்பேன்.
மழை பெய்யாத மாதமும்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை
இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.
"அவனுக்கும் குடுக்கிறியாக்கா?"
"சும்மா, ஒரு பழக்கத்துக்கு" என்றேன்.
பெஞ்சை உடைத்தது யார் என்று தெரியாது.
எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது என் கால்பக்கம்.
வரிசையில் நின்ற லோரியிலிருந்து குதித்து
பாக் சாட் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.
இல்லாவிட்டால்
இன்று நான் நின்றுகொண்டு வியாபாரம் செய்ய முடியாது.

போலீஸ்காரர் வந்தார். தே ஓ குடித்தார்.
ரிப்போர்ட் செய்யுங்கள் என்றார்.
காசு வைக்கவில்லை.

"வெள்ளக்காரனும் அப்படித்தாம்மா" என்கிறாள் இவள்,
பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.
"பினாங்கை வாங்கிக்கிட்டான்.
சியாம்காரன் வந்தப்ப
உதவிக்கு ஆள் அனுப்பல."

பிறகு அவர்கள் சமாதானம் ஆனார்கள்.
முனீஸ்வரர் கோயிலில் கெடா வெட்டி
பக்கத்துப் பக்கத்து இலையில் கை நனைத்தார்கள்.
கெடா. ஓர் எழுத்துகூட மாறவில்லை.
இனி மூச்சு விடலாம் என்று
நானும் ஒரு தேங்காய் உடைத்தேன்.
அடுத்த மாதம் எண்பது நூறானது, ஆளுக்கு நூறு.
சண்டையில் செலவாகிவிட்டதாம்.

யஷ்வினி பேனாவைக் கடிக்கிறாள்.
"நட்பா, கப்பமா? சீக்கிரம்."

அந்தப் பூவுக்குப் பொன்
யார் காதிலிருந்து வந்தது என்று
கேட்கவில்லையா உன் புத்தகம்?

"அதுக்குப் புள்ளி இல்லம்மா."

என் காதுத் துளை தூர்ந்துவிடாமலிருக்க
துடைப்பக் குச்சி செருகியிருக்கிறேன்.
தோடு அடகுக்கடையில், சித்திரை வரைக்கும்.

நட்பு என்று எழுது, என்கிறேன்.
எழுதியவன் ராஜா.
எதைச் சொன்னால் இன்னும் மூன்று வருஷம் ஓடும் என்று
அவனுக்குத் தெரியாதா?

அவள் எழுதுகிறாள்.
மாவில் தண்ணீர் கூடிவிட்டது.
இன்னொரு கைப்பிடி போடவேண்டும்,
சாக்கடைப் பக்கமிருந்து
இன்னொரு மோட்டார் சத்தம் கேட்பதற்குள்.