சுவரைப் பார்த்த படம்

பின்வரிசையில், இடமிருந்து இரண்டாவது:
இத்தெல் பிராசர். தகரத் தகட்டு ஆலைக்காரன்.
காது இரண்டும் வெந்த முட்டைக்கோசு.
ஸ்க்ரம்மில் அவன் தோளும் என் தோளும்
ஆறு பருவம் ஒரே நுகத்தடி.

சனி நண்பகல் வரை உலை.
பிறகு சேறு.
ஞாயிறு ஆராதனையில்
உடைந்த மூக்கு வழியே பாதிப் பாட்டுதான் வரும்.
பந்து சாத்தானின் தலை என்ற மூப்பர்
வாசலில் குரல் தாழ்த்திக் கேட்பார்:
"நேற்று எத்தனை டிரை?"

நாட்டுக்கு ஆடியது ஒரே ஒருமுறை.
டப்ளினில், ஆலங்கட்டி மழையில்.
தோல்வி. இரண்டு நாள் கூலியும் போச்சு.
கிடைத்தது குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி.
க்வென்லியன் அதை உள்ளங்கையில் எடை பார்த்து,
"எந்தச் சட்டியில் வேகவைக்க?" என்றாள்.

அந்தக் குளிர்காலம் ஆலை மூடியது.
வடக்கிலிருந்து ஒருவன் வந்தான்,
கல்லறைத் தோட்டம் சுற்றி, இருட்டிய பின்.
அறுபது பவுன். ஹாலிஃபாக்ஸில் வேலை.
விடியுமுன் ரயில்.

கிளப் கூடியது.
காசுக்கு ஆடுகிறவன் பெயரை
இனி இங்கே யாரும் உச்சரிக்கக் கூடாது.
கை தூக்கியவர்களில் நானும்.

ஒரு கடிதம் போட்டான்.
முழங்கால் போயிற்றாம், மகன் பிறந்தானாம்,
தொப்பி அவன் தொட்டிலுக்குத் தலையணையாம்.
பதில் எழுதவில்லை.
தபால்தலை விலை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

படத்தையும் திருப்பி மாட்டியிருந்தார்கள்.
பதினோரு வருடம்
நாங்கள் பதினைந்து பேரும்
கை கட்டி, மார்பு நிமிர்த்தி,
ஈரச் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.