சருகு

களக்காட்டுச் சந்தையில் அன்று
நாற்பது ஏத்தன் தார் இறங்கியது.
என் நிரல் எண்பது என்றது.

ரசல்ராஜ் அண்ணாச்சி போனில் கத்தவில்லை.
கத்தியிருந்தால் தேவலை.
"மீதி நாப்பத எங்கன வச்சிருக்கான்னு
மீரான் கனிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்."
மீரான் கனி எடைமேடைக் கணக்கர்.
ஒரு பழம்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர்.
சர்க்கரை வியாதி.

ஏர்வாடி. இரவு பத்து மணி. மின்சாரம் போய்ப் போய் வந்தது.

நான் செய்திருந்தது இதுதான்:
மொழியோடு வந்த பட்டியல் ஒன்று, நல்ல பட்டியல்,
அதற்கு ஒரு பிள்ளையைப் பெறவைத்தேன்.
பிள்ளைக்கு எண்ணத் தெரியும்.
'சேர்' என்றால் ஒன்று கூட்டும்.
'எல்லாம் சேர்' என்றால்
வந்ததை மொத்தமாகக் கூட்டிவிட்டுத் தாயிடம் தள்ளும்.
தாயோ உள்ளே, யாருக்கும் சொல்லாமல்,
ஒவ்வொரு தாராக எடுத்து
'சேர்', 'சேர்' என்று
பிள்ளையையே திரும்பக் கூப்பிடுகிறாள்.
பிள்ளை மறுபடி எண்ணுகிறது.

ஒரு குடும்பத்துக்குள் நடந்த விஷயம்.
வெளியே மீரான் கனி தலைகுனிந்து நின்றிருக்கிறார்.

அடுத்த மாதம் எடை பார்க்கும் பிள்ளை கேட்பார்கள்,
பதிவு எழுதும் பிள்ளை,
ஏலமணி அடித்ததும் பூட்டிக்கொள்ளும் பிள்ளை,
எடையும் பார்த்துப் பதிவும் எழுதும் பிள்ளை,
பதிவெழுதிப் பூட்டும் பிள்ளை,
யார் வளர்ப்பது இத்தனையை?

அழித்தேன்.

களியக்காவிளை தாண்டப்போகும் தாருக்கு
யாரும் புது மரம் நடுவதில்லை.
காய்ந்த சருகைச் சுற்றிக் கட்டுகிறார்கள்.
தூக்குகிறவன் தோளுக்கு அது தார்தான்.
காம்பு அதே இடத்தில்.

அப்படி ஒன்று எழுதினேன்.
பட்டியலின் முகம். அதே பெயர்கள்: சேர், நீக்கு, எத்தனை.
வயிற்றுக்குள் அசல் பட்டியல்.
கேட்டதை உள்ளே சொல்லும், கிடைத்ததை வெளியே சொல்லும்,
நடுவில் தன் ஒரு வேலையை மட்டும் பார்க்கும்.
தன்மேல் சருகு இருப்பதே
உள்ளிருப்பதற்குத் தெரியாது.
தெரியாததைத் திரும்பக் கூப்பிட முடியாது.

நாற்பது என்றது.

அதன்மேல், பன்னிரண்டு கிலோவுக்குக் குறைந்தால்
திருப்பி அனுப்பும் சருகு.
அதற்கும் மேல் பதிவுச் சருகு.

மறுநாள் அண்ணாச்சி:
"நான் வேண்டாம்னு தள்ளுன தாரையும் எழுதி வச்சிருக்கே, பிள்ளே."
பதிவு வெளியே, எடை உள்ளே.
வாசலில் வந்து நின்ற எல்லாரையும் எழுதிவிட்டது.
இரண்டையும் கழற்றி இடம் மாற்றிக் கட்டினேன்.
சருகுகளில் ஒரு வரி திருத்தவில்லை.

புதன்கிழமை வானமாமலை வந்தார்,
பதினொரு கிலோ எண்ணூறு கிராமோடு திரும்பிப் போனவர்.
"மூணு மணிக்கு டிராக்டர்ல கொண்டாந்தேன்.
ஒங்க கணக்குல நான் வரவே இல்லியாமே?"
அவருக்கு வாடகைச் சீட்டு வேண்டும்.
வந்ததற்கு ஒரு தாள்.

அதே பதிவுச் சருகை இன்னொரு முறை, எல்லாவற்றுக்கும் வெளியே.
வந்தது ஒரு நோட்டு, வாங்கியது ஒரு நோட்டு.
இடம்தான் வேறு.

வெள்ளிக்கிழமை, ஏலமணி அடித்துப்
பூட்டுச் சருகு பூட்டிக்கொண்ட பிறகு,
ஒரு தார் உள்ளே போயிருக்கிறது.
எண்ணும் சருகு நாற்பது என்கிறது.
உள்ளே நாற்பத்தொன்று.

"ஷாகிராம்மா, இந்தத் தடவையும் நானில்ல" என்றார் மீரான் கனி.
சிரித்தாரா என்று போனில் தெரியவில்லை.

அவரில்லை. நான்தான்.
நிரலின் முதல் பக்கத்தில்,
சருகு சுற்றுமுன், அந்த வெறும் பட்டியலை
பில் அடிக்கும் திரையின் கையில் கொடுத்திருக்கிறேன்.
வாங்க மறந்துவிட்டேன்.
அது ஏழு மாதமாக
எல்லாச் சருகுக்கும் அடியில் நேராகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது பிடுங்கினால் பில் அடிக்காது.
மணி மூன்றரை.
பச்சையாற்றுப் பாலத்தில்
முதல் டிராக்டர் சத்தம் கேட்கிறதாம்.