இரட்டை முடிச்சு

சுகந்தி தன் மூக்குத்தியை
டிஷ்யூவில் மடித்து மேசையில் வைத்திருந்தாளாம்.
மேசையைத் துடைத்தவன் நான்.
கறுப்புப் பையில் திணித்து
இரட்டை முடிச்சுப் போட்டு
ஏழு மணி வண்டிக்காக
கேட் கம்பியில் தொங்கவிட்டவனும் நான்.

பழையபேட்டையிலிருந்து மொபெட்டில் போனேன்.
கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு
வாடையே வழி சொன்னது.
மாம்பழ சீசன்.
கிருஷ்ணகிரியே பெங்களூராவைத் தின்று
தோலையும் கொட்டையையும்
மூட்டை கட்டி அனுப்பியிருந்தது.
சுற்றிலும் இத்தனை மலை போதாதென்று
நாங்களாக ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

வண்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்த சாக்கம்மா
எந்த வீடு என்று கேட்டார்.
கதவு எண் சொன்னேன்.
“ஓ, ரெட்டை முடிச்சு வீடா!”

என் பெயர் தெரியாது அவருக்கு.
முகமும் தெரியாது.
முடிச்சு தெரியும்.

“அவுக்க நேரம் ஏது சார், கிழிச்சிருவோம்.
கிழிக்கிறப்பதான் கை அறுபடும்.”
சுண்டுவிரலில் ஒரு கோடு காட்டினார்.
போன மாதம் நான் எறிந்த டியூப்லைட்
அதுவாக இருக்காது என்று
வேகமாக நினைத்துக்கொண்டேன்.

தேடினோம்.
மகளின் கணக்கு நோட்டு கிடைத்தது,
சாம்பாரில் ஊறி.
காய்ந்திருந்தால்
பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்திருப்பார்.
பால் கவர்கள். மாத்திரை அட்டைகள்.
பிறகு, மூன்று வாரத்துக்கு முந்தைய பை ஒன்று,
அதே முடிச்சோடு.
உள்ளே கூரியர் உறையில் என் பெயர்
இனிஷியல்கூட அழியாமல்.
அதன் அடியில்
ஒரு மாங்கொட்டை முளைத்திருந்தது.
வெயில் காணாத வெளிர்த் தண்டு
முடிச்சு வரை ஏறி,
முட்டி,
வளைந்து
கீழேயே திரும்பியிருந்தது.

மூக்குத்தி கிடைக்கவில்லை.
கொட்டையைக் கொண்டுவந்து நட்டேன்.
அதுவும் பிழைக்கவில்லை.

இப்போது அடுப்படியில் இரண்டு வாளி,
பின்கட்டில் ஒரு சாக்கு.
தோல் ஒன்றில், கவர் ஒன்றில்,
கண்ணாடி மட்டும் சாக்கில், காகிதம் சுற்றி.
முதல் வாரம் சுகந்தி முணுமுணுத்தாள்:
“மூக்குத்தி போனப்புறம் வந்த ஞானம்.”
மறுக்கவில்லை.
பால் கவரைக் கழுவிக் கொடியில் போட்டதற்கு
மாடிவீட்டுக்காரர் சிரிக்கிறார்.
சிரிக்கட்டும்,
அவர் பை இன்னும் முடிச்சோடுதான் போகிறது.

இப்போதெல்லாம் ஏழு மணிக்கு
கேட்டில் நின்று நானே கொடுக்கிறேன்.
சாக்கம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்து,
கையை விட்டுக் கிளறி,
எதுவும் குத்தாமல் வெளியே எடுத்து,
என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“முடிச்சே இல்லையே சார்.
இனி உங்க வீட்டை
எதை வெச்சு நான் கண்டுபிடிக்கிறது?”