கடைசியில் ஏற்றியது

கன்னியப்பன் எழுதிவந்த முதல் பிரதி
மூன்று பக்கம்.
ஒன்றரைப் பக்கம் ஐயாவைப் புகழ்ந்துவிட்டு
மீதியில் அவரையே திட்டியிருந்தார்.
இரண்டையும் அடித்தேன்.
படிக்கப் போகிறவர் மேசையில் நாற்பது மனு.
நம் தெருவுக்கு அவர் கண் தரப்போவது
டீ ஆறுகிற நேரம்.

திருவொற்றியூரில், விரைவுச் சாலையிலிருந்து
ரயில்வே லைனுக்குப் போகிற குறுக்குத் தெரு.
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்
லாரிச் சக்கரத்துக்கும் சாக்கடை மூடிக்கும் நடுவே
பக்கவாட்டில் நடப்பார்கள், நண்டு மாதிரி.
காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை
கன்டெய்னர் வண்டி உள்ளே வரக் கூடாது.
கேட்பது இவ்வளவுதான்.
இதை எழுத எங்களுக்கு
ஆறு ராத்திரி ஆனது.

"பொண்ணு கால்ல ஆரம்பி" என்றார்கள் எல்லோரும்.
ஜனவரியில் நசுங்கிய கால்.
போட்டோ இருக்கிறது, கலரில்.
ஆரம்பித்தும்விட்டேன். நன்றாகவே வந்தது,
என் கையெழுத்துக்கே கண் கலங்கும்படி.
மெகருன்னிசா வாசலிலேயே நின்று
முழுக்கக் கேட்டாள்.
"நல்லாத்தான் கீது.
ஆனா அவ இப்பதான் நடக்கப் பழகுறா, அண்ணா.
ஆபீஸ் ஆபீஸா அவள மறுபடி படுக்க வெக்காத."

அதற்குமேல் அந்தப் பத்தியில்
ஒரு சொல்லும் நிற்கவில்லை.

பிறகு எதை முன்னால் வைப்பது?
கன்னியப்பனுக்குக் கோபம்.
டியூஷன் எடுக்கும் ஏஞ்சலினுக்கு
'முதலாவதாக, இரண்டாவதாக'.
எனக்குத் தெரிந்தது யார்டு வேலை.
பதினோரு வருடமாக
பெட்டிக்குள் சரக்கு ஏறுவதைப் பார்த்து டிக் அடிக்கிறவன்,
கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிறவன்.
கனத்தை அடியில் போடு.
ஒரே பக்கம் ஏற்றாதே, வளைவில் கவிழும்.
இடுக்கு விடாதே, உள்ளுக்குள் இடித்துக்கொள்ளும்.
கடைசியில் ஏற்றியதுதான்
கதவைத் திறந்ததும் முதலில் இறங்கும்.

எங்கள் மனுவின் அடியில் போட
என்ன கனம் இருக்கிறது?
'ஏராளமான லாரிகள்' என்றிருந்தார் கன்னியப்பன்.
ஏராளம் என்பது காலிப் பெட்டி.
தட்டினால் சத்தம் வரும்.

எனக்குத் தெரியும் எண்ணிக்கை.
கேட் பதிவேட்டில், என் பேனாவில்:
அந்த இரண்டு மணி நேரத்தில் நூற்றுப் பதினேழு.
திங்கட்கிழமைகளில் நூற்று நாற்பதைத் தாண்டும்.
எழுதினால் மனு நிற்கும்.
எழுதினால் அடுத்த கேள்வி,
உனக்கு எப்படித் தெரியும்.

நான்காம் ராத்திரி எதிர்த்தரப்பு வந்தது,
ட்ரெய்லர் ஓட்டுகிற என் மச்சான் தாவீது.
"ரெண்டு அவர் நிறுத்துனா ஒரு டிரிப்பு போச்சு.
பசங்க பீஸ உன் மனுவா கட்டும்?"
பதில் தேடினேன். இல்லை.
அவன் சொன்னதையே மூன்றாம் பத்தியாக்கினேன்:
'ஓட்டுநர்கள் எங்களுக்கு எதிரிகள் அல்லர்,
எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்கள்.'
அதன் கீழே, அந்த நேரம் நிற்க
பூட்டிக் கிடக்கும் கிடங்கு மைதானம்,
இழந்த டிரிப்புக்கு ராத்திரியில் இன்னொரு கேட்.
தாவீது இரண்டு முறை படித்தான்.
"சாப்புடுறவங்கன்னு போட்டுக்கிற பாரு, அத்த எடு."
எடுத்தேன்.
மீதியை அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் ராத்திரி நூற்றுப் பதினேழை எழுதினேன்.
எண்ணால் ஒரு தடவை, எழுத்தால் ஒரு தடவை,
செக் எழுதுகிற மாதிரி.

கையெழுத்து இருநூற்று ஆறு.
மெகருன்னிசா போட்டாள். மகளும் போட்டாள்,
சுவரில் சாய்ந்து, நின்றபடி.
என் பெயரைக் கடைசியில் வைத்தேன்,
கூட்டத்தின் மூலை, யார் கண்ணிலும் படாது என்று.

மண்டல அலுவலகத்தில் வாங்கியவர்
காகிதக் கட்டை மேசையில் கவிழ்த்தார்.
பின்பக்கத்திலிருந்து திறந்தார்.

"யாருப்பா இது, கடைசிப் பேரு?"