மீதி ஏழு வளைவுகள்

அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டினேன்.
செருப்பைக் கேரியரில் செருகினேன்.
விடிகாலை மூன்று மணி. தபசுக்காலத்து வெள்ளி.
வளைவுக்கு ஒருமுறை முழந்தாளிட்டு
'என் பாவமே' என்று மார்பில் தட்டவேண்டும்.
அறுபத்திரண்டு கிராமுக்கு இருபது வளைவு.
விலை வைத்தவன் நான்தான்.
யாரும் பேரம் பேசவில்லை.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசு அராவுவேன்.
தலையில் எண்ணெய் வழிய வழியப் போவேன்,
தூள் படிந்த விரலால் முடியைக் கோதிக்கொண்டே இருப்பேன்.
ராத்திரி வீட்டில் தலை கழுவினால்
சட்டியின் அடியில் வெள்ளி தங்கும்.
எட்டு மாதம்.
எடை குறைந்த அன்று முதலாளி விரல் நீட்டியது
அங்கமுத்துவை நோக்கி.
நாகலூர்ப் பையன். பத்தொன்பது வயது.
சட்டையைக் கழற்றி உதறிக் காட்டினான்,
தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனான்.
நான் அராவிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் வளைவில் முட்டி சிராய்த்தது.
ஒன்பதில் திரும்பிப் பார்த்தேன்,
சேலம் கொட்டிய தூள்போல மினுங்கியது.
இங்கே மரத்துக்கும் சில்வர் ஓக் என்றுதான் பெயர்.
அதில் மிளகுக்கொடி ஏறுகிறது என்கிறோம்.
நிற்பது மரம்.

பதின்மூன்றில் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.
தவழ்ந்தேன்.
தவழ்ந்தாலும் கணக்கில் சேரும் என்றிருந்தேன்.
ஆண்டவரே என்று கூப்பிட்டேனா, ஞாபகமில்லை.
கூப்பிட்டிருந்தால் அதையும்
என் வரவில் எழுதியிருப்பேன்.

காதில் சில்லென்று பால் பாக்கெட்.
முன்னால் யாரோ ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
"ரோட்டுல கெடந்தீங்க. லாரி ஏறியிருக்கும்."
பெயர் வெள்ளையன்.
எத்தனாவது வளைவு என்றேன்.
"எல்லாம் முடிஞ்சுது. ஏரி வந்தாச்சு."
பதின்மூன்றிலேயே இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.
"பால் கெட்டுடுங்க" என்றார்.
காசு வாங்கவில்லை.
நாகலூர்க் கடைக்கும் அவர்தான் பால் போடுகிறாராம்.

பாதி நேர்த்தியோடு அந்தக் கதவைத் தட்டினேன்.
இருபது வளைவுக்கும் சேர்த்துத் தயாரித்த பேச்சு
வாயில் வரவில்லை.
அங்கமுத்து என் காலைப் பார்த்தான்.
ஸ்டூலை இழுத்துப் போட்டான்,
வெந்நீர் கொண்டுவந்தான்.
எண்ணெய், தலைமுடி, சட்டி,
எல்லாவற்றையும் கொட்டினேன்.

"தெரியும்ணே. அப்பவே தெரியும்.
வெயில்ல உங்க தலை மினுங்குச்சு."

ஏன்டா சொல்லல?

குனிந்து ஊற்றிக்கொண்டே இருந்தான்.
"அந்த வாரந்தானே உங்களுக்குப் பாப்பா பொறந்துது."

வெள்ளியைப் பின்னர் முதலாளியிடம் எடைபோட்டுக் கொடுத்தேன்.
அது கடன், தீர்ந்தது.
அவன் உதறிக் காட்டிய சட்டையை
எந்தத் தராசில் வைக்க?
பூசையில் 'அருள்' என்று வருமிடத்திலெல்லாம்
இத்தனை நாள் என் காதில் 'கூலி' என்றே விழுந்திருக்கிறது.

மத்தியானப் பேருந்தில் இறங்கும்போது
ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு...
பதினான்கு வரைக்கும்
என் முழங்கால் படாத ரோடு.

அதில்தான் நான் மேலே போனேன்,
தூங்கிக்கொண்டு.