ஒரு கெஜம்

ஹ்ருஸ்கா வந்த அன்று
ஆகஸ்ட் வெயிலில் தார் இளகிக் கிடந்தது.
நெப்ராஸ்காவின் ஏதோ ஒரு சோளக்காட்டுக் கல்லூரியிலிருந்து
பழைய பிக்கப் வண்டியில், ஒரு நாயோடு.
ராணுவத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை.
சல்யூட் வைத்த பையன்களுக்கு
பதிலுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றினார்.

நான் உபகரண அறை.
இரண்டாம் ஆண்டிலேயே முழங்கால் போய்விட்டது.
தலைக்கவசக் கணக்கு என் பொறுப்பு:
நூற்றுப்பதினான்கு. ஒவ்வொன்றின் நெற்றியிலும்
வெள்ளை நாடா, அதில் பெயர், என் கையெழுத்து.

போன வருடம் பதினொன்றில் ஒன்று ஜெயித்தோம்.
அதுவும் எதிரணிப் பேருந்து பனியில் மாட்டி
தூக்கக் கலக்கத்தோடு வந்திறங்கிய நாளில்.

முதல் கூட்டத்தில் அவர் பேசியது இவ்வளவுதான்:
"மற்ற கல்லூரிகளில் முன்வரிசைக்காரன் நூற்றைம்பது கிலோ.
நீங்கள் இரண்டு மைலை நேரத்துக்குள் ஓடியாக வேண்டும்,
அவ்வளவு சதை போட உங்களை விடமாட்டார்கள்.
சரி. குள்ளமாவோம்."

குள்ளமானோம்.
இடுப்பளவில் கட்டிய கயிற்றுக்குக் கீழே
பாய்ந்து, முட்டி, எழுந்து, மறுபடி பாய்ந்து.
டவிட்டா லியோட்டா, சமோவாக்காரன், கதவு அகலம் இருப்பான்,
கயிறு கழுத்தில் இடித்து வாந்தியெடுத்தான்.
பந்து வீசுவதைக் கிட்டத்தட்ட ஒழித்தாயிற்று.
"காற்றில் இருக்கும் பந்து யாருக்கும் சொந்தமில்லை."

முதல் நான்கும் தோல்வி.
ஒஹாயோவில் மூன்றுக்கு நாற்பத்தைந்து.
திரும்பும் வழியில் பேச்சில்லை;
பின்னிருக்கையில் நாய் மட்டும்
யாருடைய காலுறையையோ மென்றுகொண்டிருந்தது.
ஓய்வுபெற்ற கர்னல்கள் கடிதம் எழுதினார்கள்.
அவர் படித்தாரா தெரியாது.
துணி துவைக்கும் அறைக்கு வந்து கேட்டார்:
"யாஸியின் முழங்கை உறை ஏன் எப்போதும் ரத்தமாக இருக்கிறது?"
நான்கு வாரமாகத் துவைத்தவன் நான்.
எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் மழை.
சேறு எல்லோரையும் ஒரே நிறமாக்கியபின்
எடையும் கொஞ்சம் சமமாயிற்று.
அடி. எழு. அடுத்த அடி.
மூன்று கெஜம், நான்கு, மறுபடி மூன்று,
பதினோரு நிமிடம் பந்தைக் கொடுக்கவேயில்லை.
பார்க்கச் சகிக்காத ஆட்டம் என்றான் வானொலிக்காரன்.
பத்துக்கு ஏழு.
அதன்பின் ஐந்து வாரம்
எங்களுக்குத் தோற்கத் தெரியவில்லை.

நடுவில், நவம்பரில், ஒரு வியாழன் இரவு
இறுதியாண்டுக்காரர்களுக்கு உறைகள் வந்தன.
கிழித்ததும் அவரவர் கத்தினார்கள்:
பீரங்கி! சிக்னல்! ஹெலிகாப்டர்!
லியோட்டா காலாட்படை. மேசை மேல் ஏறிக் குதித்தான்.
கடைசி வரிசையில் ஹ்ருஸ்கா
தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி விரலோட்டிக்கொண்டிருந்தார்.
மறுநாள் பயிற்சியில்
'எதிரி' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.
"அந்தப் பக்கம்" என்றார்.
ஒருமுறை, "அந்தப் பையன்கள்".

கடைசி ஆட்டம் கடற்படைப் பள்ளியோடு.
டிசம்பர். மூச்செல்லாம் புகை.
பதினான்குக்குப் பதினேழு, பின்தங்கியிருந்தோம்.
ஒன்பது நொடி. நான்காவது முயற்சி.
கோட்டுக்கு ஒரு கெஜம்.
உதைத்தால் மூன்று புள்ளி, சமன்.
உதைப்பவன் கையைத் தேய்த்தபடி பார்த்தான்,
ஹ்ருஸ்கா அவன் பக்கம் திரும்பவில்லை.

லியோட்டா குனிந்தான்,
கயிறு இல்லாத இடத்தில் கயிற்றுக்குக் கீழே.
யாஸி அவன் முதுகை ஒட்டி நுழைந்தான்.
பிறகு ஒரே குவியல்.
நடுவர்கள் ஒவ்வொருவனாக உரித்தெடுத்தார்கள்.
அடியில் யாஸி, அவன் வயிற்றுக்குள் பந்து,
கோட்டுக்கு இந்தப் பக்கம்.
நான்கு விரற்கடை.

லியோட்டாவைத் தடுத்தவன்தான்
கைகொடுத்து அவனைத் தூக்கிவிட்டான்.
கொஞ்சநேரம் கையை விடவில்லை.
அவனுக்கும் ஓர் உறை வந்திருக்கும்.

திங்கட்கிழமை தலைக்கவசங்கள் திரும்பின.
போகிறவர்களின் நாடாவை உரிப்பது என் வேலை.
லியோட்டாவுடையது பாதிதான் வந்தது,
மீதியை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன்.

மார்ச்சில், பனி முழுதாக உருகும் முன்பே,
ஹ்ருஸ்கா கயிறு கட்டக் கூப்பிட்டார்.
போன வருட முடிச்சின் தடம் கம்பத்தில் இருந்தது.
அங்கே வேண்டாம் என்றார்.
நான்தான் விரல் வைத்து அளந்தேன்:
நான்கு, கீழே.