வெள்ளைக் கோட்டு

குப்ரா கிளினிக்கில் பகல் இரண்டு மணி.
வெளியே தார் இளகுகிறது.
உள்ளே, ஏசிக் குளிரில், என் மேசை மேல்
ஃபெர்கல் டெவனியின் வலது முழங்கால்.

"அசையாதீங்க" என்றேன்.
நடுக்கள ஆட்டக்காரனிடம்
யாரும் அப்படிச் சொன்னதில்லை என்றார்.
என் பெயரட்டையைப் படித்தார்:
ஜெசிந்தா. "என் பெரியம்மா பெயர்."
மஸ்கட்டில் உவரிக்காரிக்கு
அயர்லாந்தில் ஒரு பெரியம்மா.

படம் வந்தது.
இரண்டு எலும்புக்கு நடுவே இருக்க வேண்டிய
அந்த மெல்லிய இருட்டு இல்லை.
விசாவுக்கு எடுத்த நெஞ்சுப் படத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்,
இருமுறை முறிந்து ஒட்டிய காறை எலும்பை.
மூக்குக்குப் படம் வேண்டாம்,
பார்த்தாலே தெரியும்.

பதினாறு வருஷம் தன் மாவட்டத்துக்கு ஆடினாராம்.
கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம் அந்தப் பந்தை.
நடுவர் அதை மேலே எறிய
நான்கு பேர் ஒன்றாய் எழும்புவார்கள்.
முதலில் எழும்புகிறவன் அல்ல,
கடைசியாக இறங்குகிறவன்தான்
நடுக்களத்தான்.

"எவ்வளவு கொடுத்தாங்க?"
கடல் தாண்டி வந்தவள் வேறென்ன கேட்பேன்.
"சூப்பு. சாண்ட்விச்.
தூரத்திலிருந்து வந்தால் பெட்ரோல் காசு."
பகலெல்லாம் மின்கம்பி இழுத்துவிட்டு
ராத்திரி சேற்றில் ஓட்டம்.
காசு வாங்காமல் ஒரு மனுஷன்
இத்தனையை உடைத்துக்கொள்வானா?
இப்போது பர்க்காவில், கடலைக் குடிநீராக்கும் ஆலையில்.
அதற்குச் சம்பளம் உண்டு.
அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசியது ஓர் இறுதியாட்டத்தை.
கடைசி உதை இவருடையது.
பந்து கம்பத்தின் தலைக்கு நேர் மேலே போனது.
கம்பத்தடியில் நிற்கும் ஆள்
வெள்ளைக் கொடியை எடுத்தால் புள்ளி.
எடுக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

"அந்த ஆட்கள் வெள்ளைக் கோட்டு போட வேண்டும்.
உங்களிடம்தான் இருக்கிறதே" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு,
ஆஸ்பத்திரி கோட்டோடு நின்றேன்.
வாத்தியார்கள், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள்,
ஆள் பற்றாமல் சேர்த்த இரண்டு கோழிக்கோட்டுப் பையன்கள்.
ஓரத்தில் தண்ணீர்ப் பெட்டியோடு இவர்,
உட்காரவே இல்லை.

கடைசி நிமிஷம், ஒரு புள்ளி பின்தங்கல்.
இவர் பையன் உதைத்த பந்து
என் கம்பத்துக்கு நேர் மேலே ஏறியது.
உள்ளா, வெளியா.
கொடி கையில்தான் இருந்தது.
இரண்டு கையையும் அகல விரித்தேன்: வெளியே.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் முழங்கால்.
"நிஜமாகவே பார்த்தீர்களா?"
"இல்லை. விளக்கு கண்ணில் அடிச்சுது."

ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.
சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை,
அந்த மூக்கை வைத்துக்கொண்டு.
"அன்றைக்கு மழை" என்றார் பிறகு.
"அந்த ஆள் கண்ணாடி போட்டிருந்தார்."

அசையாதீங்க.

அசையவில்லை.